அந்தப் படம் ரோஜாப்பூ அல்ல: ஏழு வருடம் பிந்திய ஒரு திருத்தம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆனால் கடைசி வரை வாசியுங்கள். பாதியில் விட்டால் நான் சொல்ல வந்ததைத் தலைகீழாக விளங்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தேன். எங்கள் ஜமாஅத் வட்ஸ்அப் குழுவில் பழைய படமொன்று வந்திருந்தது. கறுப்பு வானத்தின் நடுவில் இதழ் விரித்த சிவப்பு ரோஜா. நீங்களும் கண்டிருப்பீர்கள். வானம் பிளக்கும் நாளைப் பற்றி ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆம் வசனம் சொல்வதை நாசா இப்போதுதான் படம் பிடித்திருக்கிறது என்று அதன் கீழே எழுதியிருக்கும். அதற்குப் பதிலாக ஒருவர் இப்படிப் போட்டிருந்தார்: "இது உண்மைதான். எங்கட சேரே முந்தி போட்டவர். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் பிழையாப் போடுவாரா?"

அந்தச் சேர் நான்தான். 2018 ரமழானில் நான்தான் அந்தப் படத்தைக் குழுவிலும் இந்த முகநூல் பக்கத்திலும் போட்டேன். நூற்றுக்கணக்கில் மாஷா அல்லாஹ் வந்தது. எனக்கும் சந்தோசமாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. ஹட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கலர் பிரின்ட் எடுத்து, எங்கள் பாடசாலை விஞ்ஞான அறைச் சுவரிலும் ஒட்டினேன். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் தோட்டப் பாடசாலை என்பதால் அங்கே வசனம் எதுவும் எழுதவில்லை. "நெபுலா: நட்சத்திரங்கள் பிறக்கும் இடம்" என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு இடத்திலும் நான் பிழை விட்டேன். பாடசாலையில் விட்ட பிழையை மூன்று வருடத்துக்கு முன்பே திருத்திவிட்டேன். உங்கள் முன்னால் விட்ட பிழையைத்தான் இன்றுவரை திருத்தவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

2022 மார்ச் முதல் வாரம். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பெற்றோல் வரிசை. மின்வெட்டு ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம் வரை போனது. சாதாரண தரப் பரீட்சை மே மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்ததால் தரம் 11 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைத்திருந்தோம். கரண்ட் போனால் வகுப்பு முடிந்தது. பெற்றோர் டோர்ச் எடுத்துக்கொண்டு ஏறி வரும்வரை பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பேன்.

அன்றும் அப்படித்தான். நேரம் ஏழரை இருக்கும். வழக்கமாக ஹட்டன் பக்கத்து வானத்தில் தெரியும் வெளிச்சம் இல்லை. கீழே தேயிலைத் தொழிற்சாலையில் விளக்கில்லை. லயங்களில் அங்கங்கே குப்பி விளக்கு மட்டும். அமாவாசை கழிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது, மெல்லிய பிறையும் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. இந்த மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இவ்வளவு நட்சத்திரங்களை அதற்கு முன் கண்டதாக ஞாபகம் இல்லை.

ஷஃபான் பிறை பார்ப்பதற்காக எங்கள் பள்ளிவாசல் ஹாஜியார் ஒருவரிடம் வாங்கிய பைனாகுலர் என் பையில் இருந்தது. அதை எடுத்தேன்.

தலைக்கு நேர் மேலே செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் நின்றது. ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் என்பார்கள். "உங்க கோயில்ல திருவாதிரைன்னு சொல்ற நட்சத்திரம் இதுதான்" என்றேன். பிள்ளைகள் நம்பவில்லை. பஞ்சாங்கத்தில் மட்டும் இருக்கும் பெயர் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். ஹட்டனில் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலாகவே கடந்து போகும். வித்தியாசம் அரைப் பாகை அளவுதான்.

வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறொன்று சொன்னேன். பெட்டல்ஜூஸ் என்பது யத் அல்-ஜவ்ஸா என்ற அரபுப் பெயர் திரிந்து வந்தது. ஜவ்ஸாவின் கை என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் வெள்ளையாக மின்னும் ரைகல் என்பது ரிஜ்ல், அதாவது கால். ஸைஃப் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது, வாள். நடுவில் வரிசையாக நிற்கும் மூன்றில் ஒன்று மின்தகா, இடுப்புப் பட்டி. இன்று உலகமே சொல்லும் ஓரியன் என்ற வேட்டைக்காரனின் உடம்பெல்லாம் அரபுப் பெயர்கள்தான்.

அந்த மூன்று நட்சத்திரப் பட்டிக்குத் தெற்கே மங்கலாக ஒரு சிறிய வரிசை தொங்கும். அதுதான் வேட்டைக்காரனின் வாள். அதன் நடுவில் இருப்பதைப் பாருங்கள், அது நட்சத்திரம் இல்லை, நெபுலா, நம் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் இருப்பது இந்த மாதிரி ஒன்றுதான் என்று சொல்லி பைனாகுலரைக் கொடுத்தேன்.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். "சூப்பர் சேர்", "அழகா இருக்கு சேர்" என்று நான் எதிர்பார்த்ததையே எல்லோரும் சொன்னார்கள். கடைசியாக ஒரு மாணவி வாங்கினாள். அம்மா கொழுந்து பறிப்பவர். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. மற்றவர்களைவிட நீண்ட நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"சேர், செவப்பா ஒண்ணுமே காணலங்க. ரோசாப்பூ மாதிரியும் இல்ல. குளுர்ல வாயில பொக வருமே, அப்படித்தான் இருக்கு."

பையன்கள் சிரித்தார்கள். கண்ணாடி போடச் சொன்னான் ஒருவன். நானும் வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுப்புகை, அதற்குள் ஊசிமுனை போல ஓரிரு நட்சத்திரப் புள்ளிகள். சிவப்பு எங்கேயும் இல்லை.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது சின்ன பைனாகுலர்தானே. பெரிய டெலஸ்கோப்ல பார்த்தா செவப்பாத்தான் தெரியும்." தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள். நான் எந்தப் பெரிய டெலஸ்கோப்பிலும் அதற்கு முன் கண் வைத்ததில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விசயம், அவதானித்ததை எழுது, எதிர்பார்த்ததை எழுதாதே என்பது. நான் அதைப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அன்று அதைச் செய்தவள் ஒருத்தி மட்டும். அவளைத்தான் நான் மறுத்துப் பேசினேன்.

கரண்ட் வந்த நேரங்களில் இருந்து தேடி வாசித்தேன். எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில், நாம் பார்த்த ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அன்று எங்கள் கண்ணில் பட்ட வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டது ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில். தமிழ்நாட்டில் பல்லவர் ஆண்ட காலம். வெளிச்சமே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 24 வருடம் எடுக்கும் அளவு பெரிய வாயு மேகம் அது. பெரும்பகுதி ஐதரசன். நாம் சுவாசிக்கும் காற்றைவிடக் கோடி கோடி மடங்கு ஐதானது.

அந்த வாயு தானாக எரிவதில்லை. அதன் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் ஒரு சரிவகம் போல நெருங்கி நிற்கின்றன. பைனாகுலரில் ஒன்றாகத் தெரிவது சிறிய தொலைநோக்கியில் நான்காகப் பிரியும். அதே வாயுவிலிருந்து பிறந்த நட்சத்திரங்கள்தான் அவை. வயது பத்து இலட்சம் வருடம் அளவுதான் இருக்கும். நம் சூரியனுக்கு 460 கோடி வருடம் என்பதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். நான்கில் மிகப் பெரியது சூரியனைப் போல 30 மடங்குக்கு மேல் திணிவுள்ளது. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை 5,800 கெல்வின் அளவு என்றால் இதற்கு 39,000. அவ்வளவு சூட்டில் அது வெளிவிடுவதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்.

அந்தக் கதிர் ஐதரசன் அணுவில் பட்டு இலத்திரனைப் பிய்த்து எறிகிறது. பிறகு எங்காவது ஒரு புரோத்தன் ஒரு இலத்திரனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இலத்திரன் படிப்படியாகக் கீழே இறங்கும். ஒரு குறிப்பிட்ட படியில் இறங்கும்போது 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி வரும். இப்படித் தானே ஒளி உமிழும் வாயு மேகத்தைத்தான் உமிழ்வு நெபுலா என்கிறார்கள்.

நம் ஊர் உதாரணம் சொன்னால் விளங்கும். பனிமூட்ட இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் தெரியுமே, அது பனியின் சொந்த வெளிச்சம் இல்லை. விளக்கின் ஒளியைப் பனி சிதறடிக்கிறது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி இருக்கும் மங்கலான தூசி மேகம் அந்த வகை. ஆனால் பழைய மஞ்சள் தெருவிளக்கின் குழாய்க்குள் இருக்கும் சோடியம் ஆவி வேறு. அது தானே தன் நிறத்தில் ஒளிர்கிறது. விளக்கில் அந்தச் சக்தியைக் கொடுப்பது மின்சாரம். ஓரியனில் கொடுப்பது உள்ளே பிறந்த நட்சத்திரம்.

அப்படியானால் சிவப்பு இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் அது எட்டவில்லை. இருட்டில் நாம் பார்ப்பது கண்ணின் கோல் கலங்களால். அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது; சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட உணரவே உணராது. கமராவைப் பல நிமிடம் திறந்து வைத்தால் சிவப்பு சேர்ந்துகொண்டே வந்து படத்தில் பதியும். நம் கண்ணுக்கு அப்படிச் சேர்த்து வைக்க வராது. பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் பெரும்பாலானோருக்குத் தெரிவது சாம்பலும் மெல்லிய பச்சையும்தான். ஆக, அன்று நான் மைதானத்தில் சொன்ன சமாளிப்பு சுத்தப் பிழை.

அடுத்தது, சுவரில் ஒட்டிய ரோஜா. தேடிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அது ஓரியன் நெபுலாவே இல்லை. பூனைக்கண் நெபுலா என்று பெயர். அதன் தொலைவு ஏறத்தாழ 3,000 ஒளியாண்டு. அங்கே எந்த நட்சத்திரமும் பிறக்கவில்லை. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் கடைசிக் காலத்தில் தன் வெளிப்படைகளை உதறிவிட்டிருக்கிறது. அந்த வாயு நடுவில் இருக்கும் பழைய நட்சத்திரத்தின் சூட்டில் ஒளிர்கிறது. "நட்சத்திரங்கள் பிறக்கும் இடம்" என்று நான் எழுதி ஒட்டியது ஒரு நட்சத்திரம் முடியும் இடத்தின் படத்துக்கு.

நிறமும் அப்படித்தான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1994இல் அதைப் படம் பிடித்தபோது ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் மூன்றின் ஒளியையும் தனித்தனியாக எடுத்தார்கள். மூன்றுமே நிறமாலையின் சிவப்புப் பக்கத்தைச் சேர்ந்த ஒளிதான். வித்தியாசம் தெரிவதற்காக ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை என்று நிறம் கொடுத்தார்கள். படத்தில் நீலமாகத் தெரிவதும் உண்மையில் சிவப்பு ஒளி! இதை அவர்கள் மறைக்கவில்லை. படத்தோடு சேர்த்தே எழுதியிருந்தார்கள். அந்த வரிகளை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.

வாசித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் முதன்முதலாக ஒரு நெபுலாவின் ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார். அவர் பார்த்தது வேறெதையும் அல்ல, இதே பூனைக்கண் நெபுலாவை! வானவில் போல எல்லா நிறமும் வரவில்லை. ஓரிரு கோடுகள்தான் வந்தன. அது நட்சத்திரக் கூட்டமல்ல, வாயு என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரியன் நெபுலாவும் அப்படியே இருந்தது. ஆனால் அந்தக் கோடுகளில் ஒரு பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்த மூலகத்தோடும் பொருந்தவில்லை. புதிய மூலகம் ஒன்று இருக்கிறது என்று நினைத்து, பிற்காலத்தில் அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்தார்கள்.

63 வருடம் கழித்து, 1927இல், ஐரா போவன் என்ற அமெரிக்கர் கணக்குப் பார்த்துச் சொன்னார்: நெபுலியம் என்று ஒன்று இல்லை. இரண்டு இலத்திரனை இழந்த சாதாரண ஒட்சிசன்தான் அது. மிக மிக ஐதான வாயுவில்தான் அது அந்தப் பச்சையைக் காட்டும். நம் கோல் கலங்கள் நன்றாக உணரும் ஒளிக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதும் அந்தப் பச்சைதான். அந்தப் பிள்ளை கண்ட "வாய்ப்பொக"யில் பெரிய பங்கு இந்த ஒட்சிசனுடையது.

நெபுலியம் புத்தகத்திலிருந்து போனது. அதனால் விஞ்ஞானம் விழுந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஹக்கின்ஸின் மரியாதையும் குறையவில்லை. கண்ட கோட்டை அவர் கண்டபடியே எழுதி வைத்திருந்தார். அதனால்தான் பின்னால் வந்தவருக்குத் திருத்த முடிந்தது.

நம் முன்னோர்களிடமும் இதைக் காணலாம். பாரசீகத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த்ரொமேடா பக்கத்தில் ஒரு சின்ன மேகம் தெரிகிறது என்று அதில் குறித்து வைத்தார். இன்று நாம் அந்த்ரொமேடா கலக்ஸி என்று சொல்வதன் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. ஓரியன் நெபுலாவை அவர் குறிக்கவில்லை. தொலைநோக்கி வந்த பிறகு, 1610இல், பிரான்ஸ் நாட்டு பெரெஸ்க் என்பவர்தான் அதைக் கண்டு எழுதினார். அஸ்-ஸூஃபி தான் கண்டதை எழுதினார், காணாததை எழுதவில்லை. நான் எழுதியது காணாததை.

அடுத்த வாரம் விஞ்ஞான அறைச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றுகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது பிழை, அவ சொன்னதுதான் சரி" என்று அந்தப் பிள்ளையைக் காட்டிச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்த பையன்களில் ஒருவன், "அப்ப எங்களுக்கு ஏன் சேர் அழகாத் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டான். இன்னொருவன் பதில் சொன்னான்: "நாங்க சொவத்தப் பார்த்தோம்டா, வானத்த எங்க பார்த்தோம்."

பாடசாலையில் திருத்துவது இவ்வளவு லேசாக இருந்தது. பள்ளிவாசல் குழுவில் ஏன் முடியவில்லை? பயம்தான், வேறொன்றுமில்லை. ஆள் படித்துவிட்டு இப்படி ஆகிவிட்டார், ஈமான் குறைந்துவிட்டது என்று பேசுவார்களோ என்ற பயம். சரி, யாருக்கும் தீங்கில்லையே, படம் தானாக மறந்து போகும் என்று விட்டுவிட்டேன். மறந்து போகவில்லை. போன வெள்ளி என் பெயரோடு திரும்பி வந்தது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பைனாகுலர் தந்த ஹாஜியாரிடம் விசயத்தைச் சொன்னேன். அவருக்குக் கவலை. "என்ன மகன், நல்ல நோக்கத்திலதானே போட்டது. இப்ப பிழை எண்டு சொன்னா இளம் புள்ளைகள் என்ன நெனக்கும்?" என்றார்.

"ஹாஜியார், இளம் புள்ளைகள் போன்ல ஒரு நிமிசத்துல தேடிக் கண்டுபிடிச்சிரும். அப்ப அதுகள் சந்தேகப்படப் போறது படத்தை இல்ல, படத்தோட சேர்த்து நாங்க போட்ட வசனத்தை. அந்தப் பழி எங்களுக்குத்தானே?" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார். பக்கத்தில் இருந்த மௌலவி சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன். "அந்த வசனம் பேசுறது இன்னும் வராத ஒரு நாளைப் பத்தி. அந்த நாளை யாரும் படம் எடுக்க ஏலாது. காணாததை நம்புறதுதான் ஈமான். அதுக்குப் படம் தேவையில்ல. பிழையான படம் கட்டாயம் தேவையில்ல."

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. மக்தப் ஓதிய காலத்திலிருந்து தெரியும். மற்றவர்கள் பரப்பும் வதந்திக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். நான் போட்டதும் விசாரிக்காத செய்திதான். நல்ல நோக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியர் என்ற என் பெயரை நம்பித்தானே நீங்கள் அதைப் பகிர்ந்தீர்கள்? அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். 2018இல் என் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்தவர்கள், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இந்தப் பதிவையும் அனுப்பிவிடுங்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தாள். எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. டவுன் பாடசாலைக்குப் போய் வர பஸ் செலவு, டியூசன் செலவு, வீட்டில் தம்பி தங்கைகள். இப்போது கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் வேலை செய்கிறாள். வகுப்பிலேயே சரியாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அவள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் படத்தைக் கழற்றியதால் மட்டும் என் கணக்குத் தீர்ந்துவிடவில்லை என்று தோன்றும். இப்போது தரம் 11இல் இருக்கும் பிள்ளைகளில் விஞ்ஞானம் படிக்க ஆசையுள்ள மூன்று பேருக்கு டவுன் பாடசாலைக்கான பஸ் செலவைப் பொறுப்பெடுக்க யாராவது முன்வந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது.

போன மாதம் அவள் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். "சேர், இங்க மூணு நட்சத்திரம் மட்டும் தெரியுது. பொக தெரியல." கொழும்பின் வெளிச்சத்தில் தெரியாதுதான். ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.

இங்கே இருக்கும் நமக்கு அது தெரியும்.  சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் தோட்டத்து நண்பர்கள் முன்னிரவில் கோயில் வாசலிலிருந்து நேர் மேலே பாருங்கள். ஏழு, ஏழரைக்கு ஓரியன் உச்சியில் நிற்கும், நள்ளிரவு தாண்டித்தான் மேற்கே இறங்கும். ரமழான் தலைப்பிறை பார்க்க நாங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடுவோம். மேற்கே பிறையைத் தேடி முடிந்ததும் அப்படியே தலையை நிமிர்த்தினால் போதும். ஹாஜியார் பைனாகுலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் யார் வேண்டுமானாலும் வரலாம், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

என்ன நிறம் தெரிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

இந்தப் பதிவிலும் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். இந்த முறை ஏழு வருடம் எடுக்க மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.